போற்றிப் பாடினால் பிரசாரமாகிவிடுகிறதா?

மரத்தைப் பற்றி எழுதினால் ‘தாயே, தெய்வமே’ என்றே முடிகிறது, படிப்பவர்கள் பிரசாரம் என்கிறார்கள் என்று வருந்தியிருந்தீர்கள். உங்கள் பக்தியில் குறையில்லை, அதைக் குறைக்கவும் வேண்டாம்.

நற்றிணையின் 172ஆம் பாடலைப் படித்துப் பாருங்கள். விளையாட்டாக மணலில் அழுத்தி மறந்துபோன புன்னை விதை முளைத்துவிடுகிறது. நெய் கலந்த பால் ஊற்றி வளர்க்கிறார்கள். ‘உங்களைவிடச் சிறந்தது, உங்கள் உடன்பிறந்தவள்’ என்கிறாள் தாய். அதனால் அந்த மரத்தடியில் காதலனோடு சிரித்துப் பேசவே மகளுக்கு நாணமாக இருக்கிறதாம்! போற்றும் சொல் எதுவும் தேவைப்படவில்லை, அந்த நாணமே போதும். எத்தனை முறை படித்தாலும் எனக்குச் சிலிர்க்கும்.

சரி, உங்கள் கவிதை. மூன்றாவது வரியில் பட்டை உரிந்த இடத்தில் பிசின் வழிகிறது. அடுத்த வரியிலேயே தெய்வத்துக்குத் தாவிவிட்டீர்கள். அந்தப் பிசினிலேயே இன்னும் நாலு வரி நில்லுங்கள்.