வீட்டில் மாண்டிசோரி முறையைப் பின்பற்ற என்னென்ன பொருட்கள் வாங்க வேண்டும்? எங்கே தொடங்குவது?

இரண்டரை வயதுக் குழந்தைக்காகக் கேட்டிருக்கிறீர்கள். ஒன்றுமே வாங்க வேண்டாம் என்பதுதான் என் பதில். இளஞ்சிவப்புக் கோபுரம், உருளைக் கட்டைகள், மணிச் சரங்கள் என்று இந்த முறைக்காகவே செய்த கற்றல் பொருட்கள் எல்லாம் பயிற்சி பெற்ற ஆசிரியர் இருக்கிற, பல குழந்தைகள் மாறி மாறி எடுத்துச் செய்கிற வகுப்பறைக்கு அருமையானவை. வீட்டுக்குத் தேவை வேறு. குழந்தை தானாகச் செய்துவிடக்கூடிய வேலையில் நம் கை நுழையாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். என் மகள் விஷயத்தில் நான் இதை ஒன்றைத்தான் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன், மற்றவை அதிலிருந்து ஒவ்வொன்றாக வந்தன.

இந்த முறை பிறந்த இடமே வசதியான இடம் இல்லை. 1907 ஜனவரியில், மரியா மாண்டிசோரி என்ற மருத்துவர் ரோம் நகரின் சான் லொரென்சோ பகுதியில் முதல் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கினார். பெற்றோர் கூலி வேலைக்குப் போய்விட, பார்த்துக்கொள்ள ஆளில்லாத குழந்தைகள்தான் அங்கே இருந்தார்கள். மூன்று வயதிருக்கும் ஒரு சிறுமி மர உருளைகளை அவற்றின் குழிகளில் பொருத்துவதும் எடுப்பதுமாக இருந்ததை அவர் பார்த்தார். மற்ற குழந்தைகளைப் பாடச் சொன்னார், அவளை நாற்காலியோடு தூக்கி மேசை மேல் வைத்தார், அப்போதும் அவள் நிறுத்தவில்லை. 40 தடவைக்கு மேல் செய்துவிட்டு, போதும் என்று தோன்றியதும் அவளாகவே நிறுத்தினாள், முகத்தில் சோர்வே இல்லை.

வீட்டில் இந்த மும்முரத்தை நாம் தினமும் கலைக்கிறோம். குழந்தை ஒரு டப்பாவின் மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருக்கும், நாம் போய் "அட, சூப்பர்!" என்போம், இல்லையென்றால் போட்டோ எடுக்க இந்தப் பக்கம் பார்க்கச் சொல்வோம். பாராட்டும் ஒரு குறுக்கீடுதான். அது மும்முரமாக இருக்கும்போது பேசாதீர்கள், பக்கத்தில் போய் உட்காரவும் வேண்டாம். முடித்துவிட்டு உங்களைத் தேடி வந்தால் அப்போது பேசிக்கொள்ளலாம்.

அப்புறம் வீட்டைக் கொஞ்சம் இறக்கி அமைக்க வேண்டும். சட்டை மாட்டும் கொக்கி குழந்தையின் தோள் உயரத்தில், கை கழுவும் இடத்தில் ஆடாத ஒரு ஸ்டூல், அதன் கைக்கு அடங்கும் சின்ன ஜக், சிந்தினால் துடைக்க அதற்கென்று ஒரு துணி. எல்லா விளையாட்டுச் சாமான்களையும் ஒரு கூடையில் கொட்டி வைப்பதை விட, தாழ்வான அலமாரியில் ஐந்தாறு மட்டும் இடைவெளி விட்டு வைத்து, மற்றதை எடுத்து மறைத்துவிடுங்கள், அலுத்துப்போனதை மட்டும் மாற்றினால் போதும். ஒன்றை எப்படிச் செய்வது என்று காட்டும்போது வாயை மூடிக்கொண்டு மெதுவாகக் கையால் காட்டுங்கள். பேச்சும் கையும் ஒன்றாக வந்தால் குழந்தை எதைத்தான் கவனிக்கும்?

தண்ணீர் சிந்தும். சிந்தட்டும். நிரம்பி வழிந்தது அதன் கண்ணுக்கே தெரிகிறது, நாம் வேறு சொல்ல வேண்டியதில்லை. தவறு நடந்ததைப் பொருளே காட்டிக்கொடுக்க வேண்டும் என்பதை மாண்டிசோரி முக்கியமான கொள்கையாகவே வைத்திருந்தார், உருளை மாறினால் குழியில் பொருந்தாதது போல. துணி எங்கே இருக்கிறது என்று மட்டும் காட்டுங்கள். நீங்களே பாய்ந்து துடைத்துவிட்டால் குழந்தைக்கு அந்த வேலையின் பாதி பறிபோய்விடுகிறது.

இரண்டு வயதையொட்டிய பிடிவாதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், பலர் இதில்தான் நொந்துபோகிறார்கள். வழக்கமான டம்ளர் மாறினால், செருப்பு வேறு இடத்தில் இருந்தால் அழுகை. இந்த வயதில் ஒழுங்கின் மேல் குழந்தைக்குத் தீவிரமான ஒட்டுதல் இருக்கும், எது எங்கே, எதற்கு அடுத்து எது என்பதை வைத்துத்தான் அது உலகத்தைப் புரிந்துகொள்கிறது. அதனால் முடிந்தவரை பொருட்களின் இடத்தையும் வேலைகளின் வரிசையையும் மாற்றாதீர்கள். மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எல்லா அழுகையும் நின்றுவிடாது, ஆனால் நன்றாகவே குறையும்.

இதெல்லாம் குழந்தையை இஷ்டத்துக்கு விடுவது என்று சிலர் நினைக்கிறார்கள், எனக்கு இது உண்மையிலேயே வருத்தமாக இருக்கும். அடுத்தவரைத் துன்புறுத்துவதையும் பொருளை நாசம் செய்வதையும் உடனே நிறுத்த வேண்டும் என்பதில் மாண்டிசோரி உறுதியாக இருந்தார். குழந்தை அடிக்க ஓங்கினால் அதன் கையைப் பிடித்து "அடிக்க விடமாட்டேன்" என்று சொல்லுங்கள், நீளமான விளக்கம் வேண்டாம். எந்தச் சட்டை என்பதை இரண்டில் ஒன்றாக அது தேர்ந்தெடுக்கலாம், சட்டை போடுவதா வேண்டாமா என்பது அதன் முடிவு இல்லை.

சொல் கற்றுக்கொடுக்க மூன்று படி உண்டு. முதலில் "இது சிவப்பு, இது நீலம்" என்று சொல்வது, அடுத்து "சிவப்பு எது, காட்டு" என்பது, கடைசியில்தான் "இது என்ன?" என்று கேட்பது. நாம் பெரும்பாலும் நேராக மூன்றாவதற்குப் போய், விருந்தினர் முன்னால் குழந்தையைப் பரீட்சை எழுத வைக்கிறோம். தப்பாகச் சொன்னால் திருத்தாமல், இன்னொரு நாள் முதல் படியிலிருந்து வாருங்கள்.

ஒரே ஒரு இடத்தில் நான் மாண்டிசோரியோடு ஒத்துப்போவதில்லை. ஆறு வயதுக்குள் கற்பனைக் கதைகளை விட நிஜ உலகமே குழந்தைக்குத் தேவை என்பது அவர் கருத்து. பொம்மை அடுப்பை விட நிஜமாகச் சமையலில் கைகொடுப்பது மேல் என்றவரையில் சரிதான், ஆனால் பேசும் முயலும் பறக்கும் யானையும் என் வீட்டில் தாராளமாக உண்டு, அதைத் தடுக்க எந்தக் காரணமும் எனக்குத் தெரியவில்லை.

எங்கே தொடங்குவது என்றால், காலையில் உடை மாற்றுவதை எடுத்துக்கொள்ளுங்கள். இடுப்பில் எலாஸ்டிக் வைத்த கால்சட்டையாக இருக்கட்டும், குழந்தை உட்கார்ந்து போடத் தாழ்வான ஒரு முக்காலி, அவசரம் இல்லாத கால் மணி நேரம். ஒரு கால் சிக்கிக்கொண்டால், குழந்தை உங்களைப் பார்த்த பிறகு, சிக்கலை மட்டும் எடுத்துவிட்டு விலகுங்கள். கால் மணி நேரம் கிடைக்காத நாட்களில் "இன்று நான் போட்டுவிடுகிறேன், நேரமில்லை" என்று சொல்லிவிட்டே போட்டுவிடுங்கள்.