வாசகர் கேள்வி – பதில்: கசப்பை எண்ணால் அளக்க முடியுமா?

கேள்வி: கலிஃபோர்னியாவுக்குக் குடிவந்த பிறகுதான் ஐ.பி.ஏ. (இந்தியா பேல் ஏல்) என்ற கசப்பு மிகுந்த வகை பியரைச் சுவைக்கத் தொடங்கினேன். கசப்பின் அளவு 70 ஐ.பி.யூ. என்று அச்சிட்டிருந்த பியரைவிட, 45 என்று அச்சிட்டிருந்த மற்றொன்று எனக்கு அதிகமாகக் கசந்தது. அந்த எண்ணை நம்பலாமா? ஓர் ஐ.பி.ஏ. தரமானதா என்பதை எப்படி முடிவு செய்வது?
– ஒரு வாசகர், சான் ஹோசே

பதில்: உங்கள் நாக்கு தவறாகச் சொல்லவில்லை. பியருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் கொடியின் பூவை மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி) சாற்றில் இட்டுக் கொதிக்க வைக்கும்போது, அதிலுள்ள ஆல்ஃபா அமிலங்கள் உருமாறிக் கசப்பாகக் கரைகின்றன. அந்தக் கசப்புப் பொருள் லிட்டருக்கு ஏறத்தாழ 1 மில்லிகிராம் இருந்தால் அதை 1 ஐ.பி.யூ. என்கிறோம். ஆனால் மால்ட்டில் எஞ்சிய இனிப்பையோ, தண்ணீரில் உள்ள சல்ஃபேட் கசப்பைக் கூர்மையாக்குவதையோ அந்த எண் கணக்கில் கொள்வதில்லை. பாகற்காய்ப் பிட்லையில் சிறிது வெல்லம் சேர்ந்ததும் கசப்பு அடங்கிவிடுகிறது அல்லவா? அதுபோலவே, இனிப்பு மிகுந்த பியரில் 70 சாதுவாகவும், இனிப்பு எஞ்சாத வறண்ட பியரில் 45 கடுமையாகவும் தெரியும்.

ஆகவே எண்ணை ஒதுக்கிவிட்டு மூக்கிலிருந்து தொடங்குங்கள். அமெரிக்காவில் பியர் நடுவர்களுக்குச் சான்றளிக்கும் பி.ஜே.சி.பி. அமைப்பின் தாளில், மொத்தம் 50 மதிப்பெண்ணில் மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் உணரும் திண்மைக்கு 5, ஒட்டுமொத்த மதிப்பீட்டுக்கு 10 என்று பிரித்திருக்கிறார்கள். ஹாப்ஸை நம்பியே நிற்கும் பியருக்கு மணத்தின் பங்கு இன்னும் கூடுதலாக இருக்கலாம் என்பது என் எண்ணம். ஏனெனில் சுவை என்று நாம் நினைப்பதில் பெரும்பகுதி மூக்கின் வழியே வருவதுதான்.

பியரை 7 முதல் 10 டிகிரி செல்சியஸ் குளிர்ச்சியில், குவளையின் பாதியளவுக்கு ஊற்றுங்கள். பனிக்கட்டி போன்ற குளிர்ச்சியில் மணம் எழாது. நுரை அடங்குவதற்குள் குவளையின் வாயை உள்ளங்கையால் மூடி, மெதுவாகச் சுழற்றி, கையை எடுத்தவுடன் இரண்டு மூன்று முறை சிறிது சிறிதாக முகர்ந்து பாருங்கள். 1972-இல் வெளியிடப்பட்ட காஸ்கேட் என்ற அமெரிக்க ஹாப்ஸ் வகையில் பம்ளிமாஸ் தோலைக் கிள்ளியது போன்ற மணம் வரும். கலிஃபோர்னியாவின் சிகோ நகரில் 1980-இல் காய்ச்சத் தொடங்கிய சியரா நெவாடா பேல் ஏலில் அதைத் தெளிவாக அறியலாம். வேறு சில வகைகளில் மாம்பழ வாசமோ ஊசியிலை மரப் பிசினின் வாசமோ தூக்கலாக இருக்கும். பச்சை ஹாப்ஸ் பூவை எப்போதாவது கையில் வைத்துக் கசக்கிப் பாருங்கள். மஞ்சள் நிற லுபுலின் தூள் விரலில் பிசுபிசுவென்று ஒட்டி, கழுவிய பிறகும் மணம் போகாது. நல்ல ஐ.பி.ஏ. அந்த விரலை நினைவூட்ட வேண்டும்.

அதன் பிறகு ஒரு வாய் பருகி, விழுங்குங்கள். துப்பிவிட்டால் கசப்பை முழுமையாக மதிப்பிட முடியாது. கசப்பு எவ்வளவு என்பதைவிட அது எப்படி விலகுகிறது என்பதே எனக்கு முக்கியம். வேப்பம்பூ ரசத்தின் கசப்பு நாவைச் சுத்தமாக்கி அடுத்த வாய்க்கு அழைக்கும். கஷாயத்தின் கசப்போ தொண்டையில் ஒட்டிக்கொண்டு துவர்க்கும். முதல் வகைக் கசப்பு இருந்தால் தாராளமாக மதிப்பெண் கொடுங்கள்.

கேள்வி: மதுக்கூடத்தில் குடித்தபோது மணத்த அதே ஐ.பி.ஏ., கடையில் வாங்கிய புட்டியில் நனைந்த அட்டைப்பெட்டி போல நாறியது. ஏமாற்றுகிறார்களா?

பதில்: ஏமாற்று என்று சொல்ல மாட்டேன், அது பழையதாகியிருக்கிறது. ஆக்சிஜனும் வெப்பமும் சேர்ந்து முதலில் ஹாப்ஸின் மணத்தை மங்கச் செய்யும், பிறகு தேன் போன்ற ஓர் இனிப்பு தலைதூக்கும், கடைசியில் அந்த அட்டை வாடை வரும். இது வெயில் பட்ட பியரின் வாடையிலிருந்து வேறுபட்டது: ஒளி ஹாப்ஸின் கசப்புப் பொருளைச் சிதைத்து, ஸ்கங்க் என்ற விலங்கின் நாற்றத்தை உண்டாக்கும், அதைத் தடுக்கத்தான் பழுப்புநிறப் புட்டி. போட்டியில் நடுவர் குவளையில் உள்ளதைத்தான் மதிப்பிட்டாக வேண்டும். ஆனால் நீங்கள் காய்ச்சியவரைக் குறை சொல்வதற்கு முன், புட்டியில் அடைத்த தேதியைப் பாருங்கள். குளிர்பெட்டிக்கு வெளியே அடுக்கி வைத்திருக்கும் ஐ.பி.ஏ.வை நான் வாங்குவதே இல்லை.

கேள்வி: கலங்கலாக, பழச்சாறு போல, கசப்பே இல்லாத பியரை ஐ.பி.ஏ. என்று விற்கிறார்கள். இது குறையா?

பதில்: வெர்மான்ட் மாநிலத்தின் ஹெடி டாப்பர் போன்ற பியர்களிலிருந்து வளர்ந்த வகை அது, கலங்கலும் மென்மையும் அதற்கு இயல்பு. ஆனால் தெளிவும் கசப்பும் இயல்பான அமெரிக்க மேற்குக் கடற்கரை வகை ஐ.பி.ஏ. என்று சொல்லி ஊற்றிய குவளையில் அதே கலங்கலைக் கண்டால் மதிப்பெண்ணைக் குறையுங்கள்.