மியூனிக் மேனேஜர், டோக்கியோ மௌனம், ஒரகடம் ஷிஃப்ட்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

எங்கள் மேனேஜர் மியூனிக்கில் இருக்கிறார். வீடியோ காலில் அத்தனை பேர் முன்னாலும் "இந்த டிசைன் சரியில்லை, திரும்பச் செய்யுங்கள்" என்று மூஞ்சியில் அடித்தாற்போல் சொல்லிவிட்டார். வேலை மாறிவிடலாமா என்று இருக்கிறது.
– சிறுசேரி வாசகி

அதற்குள் ரெஸ்யூமைத் தூசி தட்ட வேண்டாம். அவர் குறை சொன்னது டிசைனை. ஜெர்மன் அலுவலகங்களில் வேலையில் உள்ள தப்பைப் பூசி மெழுகாமல் சொல்வது சகஜம். நம் ஊரில் தனியாகக் கூப்பிட்டு, காபி வாங்கிக் கொடுத்து, வீட்டில் எல்லாரும் சௌக்கியமா என்று கேட்டு, அப்புறம்தான் விஷயத்துக்கு வருவோம். அந்தப் பழக்கத்தில் இருக்கிறவருக்கு இது சுருக்கென்று தைக்கத்தான் செய்யும்.

அடுத்த முறை நீளமாக விளக்கம் கொடுக்காதீர்கள். எந்தப் பகுதி, என்ன பிரச்சினை, என்றைக்குள் வேண்டும் என்று கேளுங்கள். அவர் சொன்னது தப்பு என்று பட்டால் அந்த காலிலேயே ஆதாரத்தோடு மறுத்துப் பேசுங்கள். அதை அங்கே பெரும்பாலும் மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். வாயைத் திறக்காமல் இருந்தால் ஒப்புக்கொண்டதாகத்தான் கணக்கு.

ஒரு விஷயம்: டிசைனை விட்டுவிட்டு உங்களையே மட்டம் தட்டினால் அதற்கு ஜெர்மனி பொறுப்பில்லை. அது அந்த ஆளின் குணம். எச்.ஆரிடம் போங்கள்.

ஜப்பான் தலைமையகத்தோடு மீட்டிங். ஒரு மணி நேரம் பிரசென்ட் செய்தேன். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. பிடித்ததா, இல்லையா?
– ஸ்ரீபெரும்புதூர் வாசகர்

இரண்டில் எதுவாகவும் இருக்கலாம். பல ஜப்பானிய நிறுவனங்களில் மீட்டிங் என்பது முடிவை அறிவிக்கும் இடம்தான். சம்பந்தப்பட்ட ஒவ்வொருவரிடமும் முன்கூட்டியே தனித்தனியாகப் பேசிச் சம்மதம் வாங்கிவிடுவார்கள். 'நெமவாஷி' என்பார்கள். அதைச் செய்யாமல் நேராகப் போய்ப் புது யோசனையை வைத்தால் மௌனம்தான் கிடைக்கும்.

ஸ்லைடுகளை ஒரு வாரம் முன்பே அனுப்புங்கள். உங்களுக்குப் பழக்கமான ஒருவரிடம் "யார் யாரிடம் முதலில் காட்டலாம்?" என்று கேளுங்கள். அப்புறம், அவர்கள் மௌனமாக இருக்கும்போது பதறிப்போய் நீங்களே பேசி நிரப்பாதீர்கள். நம்மால் முடியாத காரியம், தெரியும். ஆனாலும் பொறுங்கள். ஏப்ரல் கடைசியிலிருந்து மே முதல் வாரம் வரை கோல்டன் வீக் விடுமுறை. அந்தச் சமயத்தில் பதில் வரவில்லை என்று மனசைப் போட்டு அலட்டிக்கொள்ள வேண்டாம்.

என் பெயர் கவிதா. ஜப்பான்காரர்கள் என்னை 'முருகேசன்-சான்' என்கிறார்கள். அது என் அப்பா!
– பெருங்குடி வாசகி

குடும்பப் பெயரோடு 'சான்' சேர்ப்பது அவர்கள் தரும் மரியாதை. நமக்கு அந்தப் பெயரே கிடையாது, இனிஷியல்தான் என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்? மெயில் கையெழுத்தில் 'கவிதா என்று அழையுங்கள்' என்று ஒரு வரி போடுங்கள். மீட்டிங் நடத்தும் 'டீம்ஸ்' செயலியில் தெரியும் பெயரையும் ஐ.டி. டீமிடம் சொல்லி மாற்றுங்கள். பாஸ்போர்ட்டில் முழுப் பெயரும் ஒரே கட்டத்தில் இருப்பவர்கள் இன்னும் உஷாராக இருக்க வேண்டும். அமெரிக்க விசாவில் முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்.என்.யூ' என்று விழுந்துவிடும். முதல் பெயர் தெரியவில்லை என்று அர்த்தம்.

அமெரிக்க கிளையன்ட்டிடம் "முடித்துவிடலாம்" என்றோம். முடியவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் சொன்னதும் கோபம். நம் நிலைமையை ஏன் புரிந்துகொள்ள மாட்டேன் என்கிறார்கள்?
– தரமணி வாசகர்

இதில் நான் கிளையன்ட் பக்கம். நிலைமையை நீங்கள் சொன்னால்தானே அவருக்குப் புரியும்? பெரியவர்களிடம் முடியாது என்று சொல்லக் கூடாது என்றே வளர்ந்திருக்கிறோம். அதனால் கடைசி வரை மென்று முழுங்குகிறோம். தாமதத்தைக் கூடப் பல கிளையன்ட்டுகள் பொறுத்துக்கொள்வார்கள். கடைசி நிமிஷத்தில் தெரியவருவதைத்தான் யாரும் பொறுப்பதில்லை. அந்தப் பக்கம் அவரும் தன் மேலதிகாரிக்கு ஒரு தேதி கொடுத்திருப்பார்.

செவ்வாய்க்கிழமையே இப்படி ஒரு செய்தி போயிருக்க வேண்டும்: "வெள்ளிக்குள் முழுதாக முடியாது. டெஸ்ட் சர்வர் வியாழன்தான் கிடைக்கிறது. லாகின் பகுதியை வெள்ளியன்று தருகிறோம், மீதி அடுத்த புதன்." அவ்வளவுதான். மன்னிப்புக் கேட்டு ஒரு பத்தி எழுதத் தேவையில்லை. 'கூடிய சீக்கிரம்', 'முயற்சி செய்கிறோம்' என்பதெல்லாம் தேதி ஆகாது. டிசம்பரில் புயல் எச்சரிக்கை வந்தால், கரண்ட் போவதற்கு முன்னாலேயே அதையும் எழுதிவிடுங்கள். பள்ளிக்கரணையில் தண்ணீர் நிற்கும் என்பது டெக்சஸில் இருப்பவருக்குத் தெரியாது.

ஒரகடத்தில் லைன் சூப்பர்வைசராக இருக்கிறேன். ஒடிசா, பீகார், அசாம் பையன்கள். "புரிஞ்சுதா?" என்றால் தலையாட்டுகிறார்கள், அப்புறம் தப்பாகச் செய்கிறார்கள்.
– ஒரகடம் வாசகர்

அந்தக் கேள்வியை விட்டுவிடுங்கள். புதுப் பையன் சூப்பர்வைசரிடம் புரியவில்லை என்று சொல்வானா? நீங்கள் செய்து காட்டுங்கள், பிறகு அவனைச் செய்யச் சொல்லிப் பாருங்கள். பிரஸ் மெஷினில் லாக் போடுவது, எமர்ஜென்சி ஸ்டாப் எங்கே என்பது போன்றவற்றை அவன் கையாலேயே செய்து காட்டிய பிறகுதான் லைனில் விடுங்கள்.

வடக்கேயிருந்து வந்தவர் எல்லாருக்கும் இந்தி சரளமாக வரும் என்றும் நினைக்காதீர்கள். ஒடிசாக்காரருக்கு வீட்டில் ஒடியா, அசாம்காரருக்கு அசாமியோ வங்காளமோ இருக்கலாம். ஒவ்வொரு மொழியிலும் கொஞ்சம் தமிழ் பிடித்துக்கொண்ட ஒரு ஆளைக் கண்டுபிடித்து ஷிஃப்ட் தொடக்கப் பேச்சில் பக்கத்தில் நிறுத்துங்கள். அந்த வேலைக்கு அவருக்குப் படியும் கேட்டு வாங்கிக் கொடுங்கள். 'ஹிந்திக்காரா' என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டு ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள்.

மார்ச்சில் மட்டும் வெளிநாட்டு வீடியோ கால் நேரம் குழம்புகிறதே?
– துரைப்பாக்கம் வாசகர்

அமெரிக்கா மார்ச் இரண்டாம் ஞாயிறே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவிடும். ஐரோப்பா கடைசி ஞாயிறுதான். நாம் மாற்றுவதே இல்லை. நியூயார்க் காலை 9.30 மணி மீட்டிங் நமக்குக் குளிர்காலத்தில் இரவு 8, கோடையில் 7. அழைப்பை அவர்கள் ஊர் நேரத்தில் போடச் சொல்லுங்கள், காலண்டர் பார்த்துக்கொள்ளும்.