பயணத்தில் ஒரு கச்சேரி: தீம் பார்க் முதல் ஓபரா வரை – கேள்வி பதில்

வேலைக்காகவும் பிள்ளைகளைப் பார்க்கவும் பல ஆண்டுகளாக வெளிநாடு போய்வருகிறேன். எந்த ஊருக்கு டிக்கெட் போட்டாலும், அந்த வாரம் அங்கே யார் பாடுகிறார்கள், யார் வாசிக்கிறார்கள் என்றுதான் முதலில் தேடுவேன். கோடை விடுமுறைக்குக் கிளம்பப் போகிறவர்கள் இதைப் பற்றி நிறையக் கேட்டிருக்கிறீர்கள். எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன்.

மதுரையிலிருந்து ஓர் அம்மா: மகன் ஃப்ளோரிடாவில் இருக்கிறான். எங்கள் இருவருக்கும் எப்காட் பார்க்குக்கு டிக்கெட் எடுத்துவிட்டான். எனக்கு 63 வயது, அவருக்கு 68. ராட்டினம் எதிலும் ஏற மாட்டோம். அவ்வளவு பணம் வீணாகிவிடுமோ என்று மனசு அடித்துக்கொள்கிறது.

வீணாகாது அம்மா. ரைடு ஏறாதவர்களுக்கு எப்காட்டைப் போல இன்னொரு பார்க் எனக்குத் தெரிந்து இல்லை. 1982-ல் டிஸ்னி நிறுவனம் திறந்த பார்க் அது. பின்பாதியில் ஒரு ஏரியைச் சுற்றி 11 நாடுகளின் பெயரில் அரங்குகள் கட்டியிருக்கிறார்கள். அந்தப் பகுதி பெரும்பாலும் காலை 11 மணிக்குத்தான் திறக்கும். அதனால் விடிந்ததும் அடித்துப்பிடித்து ஓட வேண்டாம், நிதானமாகச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.

முதலில் அமெரிக்க அரங்கு. உள்ளே நுழைந்ததும் ஒரு வட்டக் கூடம், மேலே குவிமாடம். 'வாய்சஸ் ஆஃப் லிபர்ட்டி' என்ற குழு அங்கே பக்கவாத்தியம் எதுவும் இல்லாமல் வெறும் குரலில் பாடும். பழைய அமெரிக்க நாட்டுப்பாடல்களும் பக்திப் பாடல்களும்தான் அதிகம். எல்லோரும் பின்னால் சுவர் ஓரமாக நிற்பார்கள். நீங்கள் கூச்சப்படாமல் குவிமாடத்துக்கு நேர் கீழே, நடுவில் போய் இடம் பிடியுங்கள். குரல்கள் மேலே போய்த் திரும்பி உங்கள் தலைமேல் இறங்கும். முதல் முறை கேட்டபோது நான் அடுத்த காட்சிக்கும் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். உள்ளே குளிர்சாதன வசதியும் உண்டு என்பதால் மதிய வெயிலுக்கு அதுதான் நல்ல புகலிடம்.

அப்புறம் மெக்சிகோ அரங்கில் 'மரியாச்சி கோப்ரே'. அரிசோனா மாநிலத்தில் 1971-ல் தொடங்கிய குழு, எப்காட் திறந்த ஆண்டிலிருந்தே அங்கே வாசிக்கிறது. வயலின், ட்ரம்பெட், கிட்டார் எல்லாம் இருக்கும். என் கண் போவது 'கிட்டாரோன்' என்ற வாத்தியத்தின் மேல்தான். வயிறு பருத்த பெரிய கிட்டார், ஆறு தந்தி, வீணையில் இருப்பது போன்ற குறுக்கு மெட்டுகள் கழுத்தில் கிடையாது. வாசிப்பவர் ஒரே நேரத்தில் இரண்டு தந்திகளைச் சேர்த்து இழுப்பார். ஒரே ஸ்வரம் கீழ் ஸ்தாயியிலும் மேல் ஸ்தாயியிலும் ஒன்றாக விழும். மைக் வைக்காவிட்டாலும் ட்ரம்பெட்டுக்கு நடுவே அந்த அடிநாதம் அமுங்காது. கொஞ்சம் பக்கத்தில் நின்றால் நெஞ்சில் அதிர்வதே தெரியும்.

ஜப்பான் அரங்கில் 'மட்சுரிசா' குழுவின் தைகோ முழவு உண்டு. இந்த மூன்றையும் ஒருநாளில் நிதானமாகக் கேட்கலாம். அன்றைய நேரங்கள் பார்க்கின் செயலியில் இருக்கும். காலையிலேயே மகனைப் பார்த்து ஒரு துண்டுச்சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். ஒவ்வொரு காட்சியும் ஏறக்குறைய இருபது நிமிடம்தான், தாமதமாகப் போனால் கடைசிப் பாட்டுத்தான் கிடைக்கும்.

அதே ஊருக்குப் போகும் இன்னொருவர்: ஜூலையில் போகிறோம். மழை என்கிறார்களே?

பெய்யும். அந்தப் பக்கத்துக் கோடையில் மதியத்துக்கு மேல் இடியோடு மழை என்பது அன்றாட விஷயம். மின்னல் வந்தால் வெளியிடத்துக் காட்சிகளை உடனே நிறுத்திவிடுவார்கள். திறந்தவெளியில் வாசிக்கும் குழுக்களை முதல் காட்சியிலேயே கேட்டுவிடுங்கள், மதியத்தைக் கூரைக்குக் கீழ் வைத்துக்கொள்ளுங்கள்.

சென்னை, வாய்ப்பாட்டு மாணவி: டிஸ்னி பார்க்கில் 'டேப்பர் டான்ஸ்' என்று நான்கு பேர் பாடுவதைக் கேட்டேன். சில இடங்களில் ஐந்தாவதாக ஒரு குரல் மேலே ஒலித்த மாதிரி இருந்தது. மைக்கில் ஏதாவது செய்கிறார்களா, என் காது ஏமாற்றியதா?

உங்கள் காது மிகச் சரியாகக் கேட்டிருக்கிறது. இந்தக் கேள்விக்காகவே உங்களைப் பாராட்ட வேண்டும்.

அவர்கள் பாடுவது 'பார்பர்ஷாப்' என்ற அமெரிக்கப் பாணி. நான்கு குரல். மெட்டைப் பாடுபவர் நடுவில் இருப்பார், அவருக்கு மேலே ஒரு மெல்லிய குரல், அடியில் ஒரு கனத்த குரல், இடைவெளியை நிரப்ப இன்னொரு குரல். பியானோவின் சுருதிக்குக் கட்டுப்படாமல், ஒருவர் குரலை ஒருவர் கேட்டு ஸ்வரங்களைத் துல்லியமாகச் சேர்த்துக்கொள்வார்கள். நால்வரும் ஒரே உயிரெழுத்தை ஒரே வாயசைவில் நீட்டும்போது குரல்களின் மேற்சுரங்கள் (ஒவ்வொரு குரலோடும் மெல்லியதாகக் கூடவே ஒலிக்கும் உயர்ந்த ஸ்வரங்கள்) ஒன்றின் மேல் ஒன்று படிந்து, யாருமே பாடாத ஒரு ஸ்வரம் மேலே கணீரென்று எழும். அந்த இடத்துக்காகத்தான் அவர்கள் ஆண்டுக்கணக்கில் பயிற்சி செய்கிறார்கள்.

உங்களுக்கு இது புதிதல்ல. தம்புராவைச் சுத்தமாகச் சுருதி சேர்த்தால் மந்தர ஸட்ஜத் தந்தியிலிருந்து அந்தர காந்தாரம் தானாக எழுமே, ஸ்வயம்பு காந்தாரம் என்று உங்கள் ஆசிரியர் சொல்லியிருப்பார். அதே இயற்கைதான் இங்கேயும். அடுத்த முறை போகும்போது பாட்டு முடியும் கடைசி நீட்டலைக் கவனியுங்கள், அங்கேதான் தெளிவாகக் கேட்கும். அவர்கள் கையில் உலோகக் குழாய் மணிகளை வைத்துக்கொண்டு ஆளுக்கொரு ஸ்வரமாகக் குலுக்கி ஒரு முழுப் பாட்டையும் வாசிப்பதும் உண்டு. அது அமைந்தால் விடாதீர்கள்.

திருச்சி: பார்க்கில் கேட்பதில் எது நேரடி, எது பதிவு என்று எப்படித் தெரியும்?

ஊர்வல வண்டிகளோடு வரும் இசையும் வாணவேடிக்கை இசையும் பெரும்பாலும் பதிவுதான். வண்டியும் வெடியும் நொடிக் கணக்கில் ஒத்துப்போக வேண்டும் என்பதால் வேறு வழியில்லை. பித்தளை வாத்தியங்களோடு நடந்து வரும் பேண்டு நேரடி. கலிபோர்னியாவின் டிஸ்னிலாந்து பேண்டு, பார்க் திறந்த 1955 ஜூலை 17 முதலே இருக்கிறது. ஊதுபவர் மூச்சு வாங்குகிறாரா, பாட்டின் நடுவே ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்களா என்று பாருங்கள், தெரிந்துவிடும்.

பெங்களூரில் வேலை பார்க்கும் தம்பி: கோபன்ஹேகனில் ஒரே ஒரு மாலைதான் இருக்கிறது. டிவோலி போகலாம் என்கிறார்கள். அது குழந்தைகள் பூங்கா இல்லையா?

ஒரே மாலை என்றால் கண்ணை மூடிக்கொண்டு டிவோலிக்குப் போங்கள் தம்பி. ரயில் நிலையத்திலிருந்து தெருவைத் தாண்டினால் வந்துவிடும்.

1843 ஆகஸ்ட் 15-ல் திறந்த இடம் அது. முதல் நாளிலிருந்தே அங்கே இசைக்குழு உண்டு. ஹான்ஸ் கிறிஸ்டியன் லும்பி என்பவர் தொடக்கத்திலிருந்து 1872 வரை இசை இயக்குநராக இருந்தார். பாட்டில் மூடி 'டப்' என்று திறக்கும் சத்தத்தோடு தொடங்கும் அவருடைய 'ஷாம்பெயின் காலப்' என்ற துள்ளல் நடன இசை 1845-ல் வந்தது. டென்மார்க்கில் அது தெரியாதவர்கள் குறைவு. ராட்டினத்துக்குப் பக்கத்தில் இசையை ஒப்புக்கு ஒட்டவைத்த இடம் இல்லை அது. இசையும் ராட்டினமும் அங்கே ஒன்றாகவே வளர்ந்தன.

பயணத்தில் உங்களுக்கு வெள்ளிக்கிழமை அமைகிறதா பாருங்கள். 1997 முதல் கோடை வெள்ளி இரவுகளில் அங்குள்ள புல்வெளி மேடையில் ராக், பாப் கச்சேரி நடக்கிறது. பொதுவாக நுழைவுச்சீட்டு இருந்தால் போதும், கச்சேரிக்குத் தனி டிக்கெட் தேவையில்லை. பெரிய நட்சத்திரம் வரும் நாளில் கூட்டம் நெரியும், முன்கூட்டியே உள்ளே போய்விடுங்கள். ஜூன் மாதம் என்றால் இரவு பத்து மணி நெருங்கும்வரை வானத்தில் வெளிச்சம் இருக்கும். மேடையில் கிட்டார் முழங்க, பின்னால் 1914-ல் கட்டிய மர ரோலர்கோஸ்டர் கடகடவென்று ஓட, விளக்குகள் ஒவ்வொன்றாக ஏறும் அந்த நேரம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

பகலிலேயே போக முடிந்தால் இன்னொன்றும் கிடைக்கலாம். 1844 முதல் இருக்கும் சிறுவர் காவல்படை பேண்டு, 8 முதல் 16 வயதுப் பிள்ளைகள். சிவப்புச் சட்டையும் கரடித்தோல் தொப்பியுமாகப் பூங்காவுக்குள் வாசித்துக்கொண்டே அணிவகுப்பார்கள். வேடிக்கைக்காக நிறுத்திய பிள்ளைகள் என்று நினைத்துவிடாதீர்கள், அங்கே முறையாக இசை கற்றுத் தருகிறார்கள்.

அங்கிருந்து ஸ்டாக்ஹோம் போகிறீர்கள் என்றால் 1883-ல் தொடங்கிய க்ரோனா லுண்டையும் பாருங்கள். கடலோரத்து ராட்டினங்களுக்கு நடுவே சின்ன இடம்தான். 1980-ல் அங்கே ஜமைக்காப் பாடகர் பாப் மார்லி பாடியபோது 32,000 பேர் கூடினார்கள்.

ஈரோடு, புதுமணத் தம்பதி: வியன்னாவில் ஓபரா பார்க்க ஆசை. டிக்கெட் விலையைப் பார்த்ததும் ஆசை போய்விட்டது.

நின்று பார்க்கத் தயாரா? அப்படியானால் அந்த விலையை மறந்துவிடுங்கள். வியன்னா அரசு ஓபராவில் நூற்றுக்கணக்கில் நிற்கும் இடங்கள் உண்டு. இருக்கை விலையோடு பார்த்தால் மிகக் குறைவு. முன்னால் கைப்பிடிக் கம்பி இருக்கும், பாட்டின் பொருளைக் காட்டும் சின்னத் திரையும் இருக்கும். உள்ளே போனதும் உங்கள் இடத்துக் கம்பியில் ஒரு துப்பட்டாவையோ கைக்குட்டையையோ கட்டிவிடுங்கள். அது உங்கள் இடம் என்று எல்லோரும் மதிப்பார்கள், நீங்கள் தண்ணீர் குடித்துவிட்டு வரலாம். அந்த ஊர்க்காரர்கள் தலைமுறைகளாகச் செய்வது இது.

ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் அந்த அரங்கு மூடியிருக்கும். நம் ஊரில் இருந்து நிறையப் பேர் ஜூலையில் போய்விட்டு ஏமாந்து திரும்புகிறார்கள். மே, ஜூனில் போனால் சில நாட்கள் அரங்குக்கு வெளியே பெரிய திரையில் இலவசமாகவே காட்டுவார்கள்.

வேறொன்றும் சொல்ல வேண்டும். அந்த நகரத்துத் தெருக்களில் மோசார்ட் காலத்து உடை போட்டுக்கொண்டு கச்சேரி டிக்கெட் விற்பவர்களைப் பார்ப்பீர்கள். ஒருமுறை அப்படி ஒருவரிடம் வாங்கினேன். அவர் காட்டிய படத்தில் தங்க நிற மண்டபம், பெரிய இசைக்குழு. போய் உட்கார்ந்தது வேறொரு கட்டடத்தின் சாதாரண அறை, வாசித்தது ஐந்து பேர். என் மனைவிக்கு அன்று பிறந்தநாள். அவள் ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் எனக்கு அதிகம் வலித்தது. டிக்கெட்டை அரங்கின் சொந்த இணையதளத்திலோ அரங்கு வாசல் கவுண்டரிலோ மட்டும் வாங்குங்கள். டிக்கெட்டில் அரங்கின் பெயர், குழுவின் பெயர், இருக்கை எண் மூன்றும் இருக்கிறதா என்று பணம் கொடுக்கும் முன் பாருங்கள்.

கும்பகோணம்: மேற்கத்தியக் கச்சேரியில் எப்போது கைதட்டுவது என்று தெரியாமல் ஒருமுறை அசடு வழிந்தேன்.

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நாம் தனி ஆவர்த்தனத்தில் ஒரு நல்ல கோர்வை விழுந்ததும் நடுவிலேயே தட்டிப் பழகியவர்கள். சிம்பொனி நாலு பாகமாக இருக்கும், பாகங்களுக்கு நடுவே மௌனம். இசைக்குழுவை நடத்துபவர் கையை முழுக்க இறக்கி அவையோர் பக்கம் திரும்பும்வரை காத்திருங்கள். ஓபராவில் ஒரு பெரிய பாட்டு முடிந்ததும் தட்டலாம். ஜாஸ் நம்மூர் மாதிரி, ஒருவர் தனியாக வாசித்து முடித்ததும் நடுவிலேயே தட்டுவார்கள்.

சேலம்: லண்டனில் மகளோடு ஆகஸ்டில் இரண்டு வாரம். கொஞ்சச் செலவில் ஒரு நல்ல கச்சேரி?

'ப்ராம்ஸ்' போங்கள். 1895-ல் தொடங்கிய இசை விழா, 1941 முதல் ராயல் ஆல்பர்ட் ஹாலில் நடக்கிறது. ஜூலை நடுவிலிருந்து செப்டம்பர்வரை. நின்று கேட்கும் டிக்கெட் மலிவு, நிற்கும் இடமோ மேடைக்கு நேர் முன்னால். வசதியான செருப்பு முக்கியம்.

தஞ்சாவூர்: சிங்கப்பூரில் நான்கு நாள், குழந்தைகளோடு. செந்தோசா போக ஒருநாள் ஆகிவிடும்.

ஒரு மாலையை எஸ்பிளனேடுக்குக் கொடுங்கள். 2002-ல் திறந்த, டுரியான் பழம் மாதிரி முள்முள்ளாக இருக்கும் கலையரங்கம். கடலோரத் திறந்தவெளி மேடையில் இலவச நிகழ்ச்சிகள் நிறைய நடக்கும், வாரக் கடைசியில் போனால் பெரும்பாலும் ஏதாவது இருக்கும். நவம்பரில் போனால் அங்கே 'கலா உத்சவம்' என்ற இந்தியக் கலை விழா. கைக்குழந்தை இருந்தால் காதை மூடும் மஃப் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், ஒலிபெருக்கிக்கு நேர் முன்னால் உட்காராதீர்கள்.

விருதுநகர்: போய் இறங்கிய அன்றே கச்சேரிக்கு டிக்கெட் போடலாமா?

வேண்டாம். வியன்னாவில் கோடையில் இரவு 10 மணி என்றால் நம் உடம்புக்கு நள்ளிரவு 1.30. எவ்வளவு பிடித்த இசையாக இருந்தாலும் தலை தொங்கிவிடும். மூன்றாம் நாள் மாலைக்குப் போடுங்கள்.

பாளையங்கோட்டை: தெருவில் வாசிப்பவர்களுக்குக் காசு போட வேண்டுமா? படம் எடுக்கலாமா?

ஒரு முழுப் பாட்டு நின்று கேட்டால், வீடியோ எடுத்தால், கட்டாயம் போடுங்கள். அவர்களுக்கு அதுதான் கூலி. சில்லறையைச் சட்டைப் பையில் தனியாக வைத்திருங்கள். அரங்குக்குள் போனை அணைத்துப் பையில் போட்டுவிடுங்கள்.

புதுக்கோட்டை: என் மகனுக்குப் பதினொரு வயது, தவில் கற்கிறான். நீங்கள் சொன்ன தைகோ கலைஞர்களிடம் போய்ப் பேசலாமா? தொந்தரவாக நினைப்பார்களோ?

காட்சி முடிந்து குச்சியைக் கீழே வைத்த பிறகு, அடுத்த வேலைக்குக் கிளம்பும் முன் ஓரிரு நிமிடம் இருக்கும். அப்போது போய் ஒரு வணக்கம் வைத்துக் கேளுங்கள். மகன் தவில் வாசிக்கும் வீடியோ ஒன்றைப் போனில் தயாராக எடுத்து வையுங்கள், அரை நிமிடம் போதும். பலாமரத்தை ஒரே கட்டையாகக் குடைந்து தவில் செய்கிறோம் என்று அவனையே சொல்லச் சொல்லுங்கள். பெரிய தைகோவையும் மரபுப்படி ஒரே அடிமரத்தைக் குடைந்துதான் செய்வார்கள். அப்புறம் வலது கை விரல்களுக்குப் போடும் கூடுகளைப் பையில் எடுத்துக்கொண்டு போகட்டும். அதைக் காட்டினால் அவர்களே கேள்வி கேட்க ஆரம்பித்துவிடுவார்கள்.