சீந்தாத நாடும் சீந்தாத குரூப்பும்

கேள்வி: என் மகள் பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் எடுத்திருக்கிறாள். ஃபர்ஸ்ட் குரூப் தாராளமாகக் கிடைக்கும். அவளோ வரலாறு குரூப்தான் வேண்டும், பின்னால் வெளியுறவுப் பணிக்குப் போவேன் என்கிறாள். யாரும் சீந்தாத வட கொரியா மாதிரி நாட்டிலெல்லாம் தூதரகம் வைத்து நாம் என்ன கண்டோம்? வரலாறு படித்து அங்கே போய் உட்காருவதா ஒரு வேலை? அவளுக்கு நீங்களாவது எடுத்துச் சொல்லுங்கள்.
(ஒரு தந்தை, பாலக்கோடு)

பதில்: அவளுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. சொல்ல வேண்டியது உங்களிடம்தான்.

நீங்கள் கொரியாவை இழுத்ததால் அங்கிருந்தே வருகிறேன். 1950-ல் வட கொரியாவுக்கும், அமெரிக்கா துணைநின்ற தென் கொரியாவுக்கும் இடையே கொரியப் போர் நடந்துகொண்டிருந்தது. மாசேதுங்கின் சீனாவை அமெரிக்கா அப்போது நாடாகவே ஏற்கவில்லை, அங்கே அதற்குத் தூதரும் கிடையாது. நமக்கு இருந்தார். அக்டோபர் தொடக்கத்தில் ஒரு நள்ளிரவில் சீனப் பிரதமர் சூ என்லாய் அவரைக் கூப்பிட்டனுப்பினார். இரண்டு கொரியாக்களையும் பிரித்த 38-வது அட்சக்கோட்டை அமெரிக்கப் படை தாண்டினால் சீனா போரில் இறங்கும் என்று சொன்னார். செய்தி டெல்லி வழியாக மேற்கு நாடுகளுக்குப் போனது. வாஷிங்டன் நம்பவில்லை. சில வாரங்களில் சீனப் படை எல்லையில் ஓடும் யாலு ஆற்றைக் கடந்து வந்தது. அதன் பிறகும் போர் இரண்டரை வருடத்துக்கு மேல் நீடித்தது.

அந்த நள்ளிரவில் எழுந்து போன நம் தூதர் கே.எம். பணிக்கர். அவர் ஒரு வரலாற்று ஆசிரியர். சீனா ஏன் தன் எல்லையில் அந்நியப் படையைப் பொறுக்காது என்பது அவருக்கு விளங்கியது என்றால், அந்தப் படிப்புக்கும் அதில் பங்கு உண்டு என்றே நினைக்கிறேன்.

1953-ல் போர் ஓய்ந்தபோது 22,000க்கும் மேற்பட்ட கைதிகள் சொந்த நாட்டுக்குத் திரும்ப மறுத்து நின்றார்கள். அவர்களைத் தன் காவலில் வைத்திருக்க இரு தரப்பும் ஒப்புக்கொண்ட நாடு இந்தியா. தென் கொரிய அதிபர் சிங்மன் ரீ மட்டும் இந்தியச் சிப்பாய் தன் மண்ணில் கால் வைக்கக் கூடாது என்று முரண்டு பிடித்தார். கப்பலில் வந்த நம் சிப்பாய்களை ஹெலிகாப்டரில் ஏற்றிக்கொண்டுபோய் இரண்டு கொரியாக்களுக்கும் இடைப்பட்ட பகுதியில் இறக்க வேண்டியதாயிற்று. அங்கே ஒரு கூடாரம். உள்ளே ஒரு கைதி. 'ஊருக்கு வந்துவிடு' என்று எதிரே அவன் நாட்டு அதிகாரி பேசுவார், நடுவில் நம் அதிகாரி உட்கார்ந்திருப்பார். பேச்சு முடிந்ததும் இரண்டு வாசல்களில் எதன் வழியாக அவன் வெளியே போகிறானோ அதுவே முடிவு. இரண்டு பக்கமும் வேண்டாம் என்ற 88 பேர் கடைசியில் நம்மோடு கப்பலேறி இந்தியாவுக்கே வந்தார்கள்.

எல்லோரிடமும் பேசுகிறவர்கள் என்ற பெயர் இருந்ததால்தான் அந்தக் கூடாரத்தில் நமக்கு இடம் கிடைத்தது. 1973-ல் இரண்டு கொரியாக்களோடும் தூதரக உறவு வைத்ததும், கொரோனா காலத்தில் மூடிய, வட கொரியத் தலைநகர் பியோங்யாங்கில் உள்ள தூதரகத்தை 2024 டிசம்பரில் மறுபடி திறந்ததும் அந்த வழக்கத்தின் தொடர்ச்சிதான்.

அறிவியலைக் குறைத்துச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். அதே போரில் டாக்டர் ஏ.ஜி. ரங்கராஜ் தலைமையில் நம் 60-வது பாராசூட் மருத்துவப் பிரிவு இருந்தது. பியோங்யாங்கை விட்டுப் பின்வாங்கியபோது மருந்துகளை விட்டுவர மனமில்லாமல் ஒரு பழைய நீராவி எஞ்சினைக் கிளப்பி, தாங்களே ரயிலை ஓட்டித் தெற்கே வந்து சேர்ந்தார்கள். அவருக்கு மகாவீர் சக்கரம் கிடைத்தது. மருத்துவம் படிக்க ஆசைப்படும் பிள்ளை உங்களுக்கு இருந்தால் அவரைப் பற்றித்தான் எழுதியிருப்பேன்.

ஒன்றில் உங்கள் பக்கம் நியாயம் உண்டு. ஃபர்ஸ்ட் குரூப் படித்தவர் பிறகு பி.ஏ. வரலாறு சேரலாம். வரலாறு குரூப் படித்தவர் பொறியியலுக்கோ மருத்துவத்துக்கோ திரும்ப முடியாது. அவளிடம் இதை மறைக்காமல் சொல்லுங்கள். ஆனால் 'எதற்கும் இருக்கட்டும்' என்று சேர்த்துவிடுவதன் விலை எனக்குத் தெரியும். என் அண்ணன் மகனை இந்தப் பக்கத்து விடுதிப் பள்ளி ஒன்றில் அப்படித்தான் சேர்த்தோம். விடியற்காலை 5 மணிக்கு எழுப்பிப் படிக்க வைப்பார்கள். இயற்பியல் நோட்டுக்கு அடியில் செய்தித்தாளை ஒளித்துவைத்துப் படித்ததற்கு முட்டி போட வைத்தார்கள். இரண்டு வருடம் முடிந்து வந்தவனுக்குப் பாடப் புத்தகத்தைப் பார்த்தாலே கை நடுங்கியது. அப்புறம் பி.ஏ. சேர்ந்தான், அதற்குள் ஒரு வருடம் வீணானது. சேர்த்துவிட்டவர்களில் நானும் ஒருவன், இன்றும் அது உறுத்துகிறது.

சிவில் சர்வீஸ் தேர்வுக்கு எந்தப் பட்டமும் போதும். வெளியுறவுப் பணி கிடைத்தால் ஒரு அயல்மொழி கற்றே ஆக வேண்டும். தேறுகிறவர்கள் மிகக் குறைவு, அதனால் சட்டம், ஆசிரியப் பணி, டி.என்.பி.எஸ்.சி. குரூப் 1 தேர்வு என்று வேறு வழிகளையும் அவள் இப்போதே யோசிக்கட்டும். அறிவியலை அடியோடு விட்டுவிடவும் வேண்டாம். ஏவுகணையும் தடுப்பூசியும் என்னவென்று தெரியாமல் இன்று எந்தத் தூதரும் பேச உட்கார முடியாது.

சேர்க்கைப் படிவத்தில் குரூப் என்ற இடத்தை அவளே நிரப்பட்டும். பெற்றோர் கையெழுத்தை நீங்கள் போடுங்கள்.