மாத இறுதியில் ரூல்ஸ் எஞ்சின் தவழ்கிறது. சர்வரில் ரேம் கூட்டினால் போதுமா?

புதுச்சேரி மொத்த வியாபாரி ஒருவரின் பில்லிங் மென்பொருளில் வரி, தள்ளுபடி விதிகளை டுரூல்ஸ் என்ற ரூல்ஸ் எஞ்சினில் (‘இப்படி இருந்தால் இதைச் செய்’ என்ற விதிகளை இயக்கும் மென்பொருள்) எழுதியிருக்கிறீர்கள். ஒன்றிரண்டு பில்களுக்கு உடனே விடை தரும் எஞ்சின், மாதக் கணக்கை மொத்தமாக ஓட்டும்போது தவழ்கிறது என்கிறீர்கள். ரேமுக்கு இப்போது செலவு செய்ய வேண்டாம். இதே ஊரில் இதே வகை மென்பொருளைப் பராமரிப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: நேரம் எங்கே போகிறது என்று அளக்காமல் எதையும் மாற்றாதீர்கள்.

விதிகளைத் தொகுப்பது, தரவை உள்ளே செலுத்துவது, நிபந்தனைகளைப் பொருத்திப் பார்ப்பது, பொருந்திய விதி தன் வேலையைச் செய்வது என நான்கு இடங்களில் நேரம் செலவாகும். நான்கையும் தனித்தனியே பதிவு செய்யுங்கள். தொகுத்த விதிகளை வைத்திருக்கும் கீகன்டெய்னர் ஒவ்வொரு பில்லுக்கும் புதிதாக உருவானால் கோளாறு அங்கேயே தெரிந்துவிடும். அதை ஒரு முறை உருவாக்கி வைத்துக்கொண்டு, தரவை விதிகளோடு ஓட்டும் செஷனை மட்டும் புதிதாகத் திறப்பதே முறை. விதியின் செயல் பகுதியில் டேட்டாபேஸைத் தேடும் வரி இருந்தால், தேவையான தரவை முன்கூட்டியே எடுத்து வைத்துவிடுங்கள்.

பில் எண்ணிக்கை கூடும்போது மட்டும் வேகம் குறைவதால், பொருத்தும் கட்டத்தையே நான் முதலில் சந்தேகிப்பேன். சார்லஸ் ஃபோர்ஜி 1970களில் வகுத்த ரீட் முறையும், டுரூல்ஸ் 6 முதல் அதன் வழிவந்த ஃப்ரீக் முறையும், பாதி பொருந்தியவற்றை நினைவில் வைத்து மறுவேலையைத் தவிர்க்கின்றன. இரண்டு தரவுகளின் புலங்களை நேரடிச் சமன்பாடாக ஒப்பிட்டால் எஞ்சின் அட்டவணையிட்டு உடனே தேடும். ஃபங்ஷனுக்குள் மறைத்து ஒப்பிட்டால் ஒவ்வொரு ஜோடியையும் பார்த்தாக வேண்டும். 2000 பில் வரிகளும் 5000 விலைப் பதிவுகளும் இருந்தால் அது ஒரு கோடி ஒப்பீடு.

நம் ஊர் வரி விதியில் இது எளிதாக நுழைந்துவிடும். புதுச்சேரியிலிருந்து பக்கத்திலிருக்கும் கடலூருக்குச் சரக்கு போனால், அது வேறு மாநிலம் என்பதால் ஐஜிஎஸ்டி. தமிழ்நாட்டைக் கடந்து காரைக்காலுக்குப் போனாலோ, கேரளத்துக்கு நடுவே உள்ள மாஹேக்குப் போனாலோ, அவையும் புதுச்சேரியின் பகுதிகளே என்பதால் சிஜிஎஸ்டியும் எஸ்ஜிஎஸ்டியும். இதற்காகச் சரக்கு சேரும் முகவரியிலிருந்து 34, 33 போன்ற மாநிலக் குறியீட்டைப் பிரித்தெடுக்கும் ஃபங்ஷனை எழுதி, அதை விதியின் நிபந்தனையிலேயே அழைப்பது இயல்பாகத் தோன்றும். அந்தக் குறியீட்டைத் தரவு எஞ்சினுக்குள் போகும் முன்பே கணக்கிட்டு, பில்லின் ஒரு புலமாக வைத்து, நேரடிச் சமன்பாடாக ஒப்பிடுங்கள். அதிகமானவற்றைக் கழித்துவிடும் நிபந்தனை விதியின் முதலில் வரட்டும். மாற்றிய பின், ஒரு மாதப் பில்களைப் பழைய விதியிலும் புதிய விதியிலும் ஓட்டி வரித் தொகைகளை ஒப்பிடாமல் வாடிக்கையாளரிடம் கொடுக்காதீர்கள். வேகத்துக்காக வரி பிசகக் கூடாது.

எந்த விதி நேரத்தைத் தின்கிறது என்று பிடிபடாவிட்டால், டுரூல்ஸ் மெட்ரிக் தொகுதியைச் சேர்த்து ஓட்டுங்கள்; விதிகளின் நிபந்தனைகளை எஞ்சின் பிரித்து வைத்திருக்கும் வலையில் ஒவ்வொரு முனையும் எத்தனை முறை மதிப்பிடப்பட்டது, எவ்வளவு நேரம் எடுத்தது என்று லாகில் எழுதும். தள்ளுபடி விதி பில்லைத் திருத்த, அந்தத் திருத்தமே மற்ற விதிகளை மீண்டும் எழுப்பும் சுற்றும் அதில் தெரியும்.

ரேம் உண்மையிலேயே ஏறிக்கொண்டே போனால், வேலை முடிந்த செஷன்கள் டிஸ்போஸ் செய்யப்படுகின்றனவா (மூடி விடுவிக்கப்படுகின்றனவா) என்று பாருங்கள். அதன் பிறகும் நினைவகம் போதாவிட்டால் கூட்டலாம்.