தூண்டிலில் 20 அங்குல பைக் மீன் மட்டுமே மாட்டுகிறது என்றால்

திரும்ப விடாதீர்கள், சின்னதை வீட்டுக்குக் கொண்டுபோங்கள். அமெரிக்காவின் வடக்கு மினசோட்டாவில் உங்கள் சிற்றேரியில் 18-20 அங்குல ஒல்லி பைக் (மற்ற மீன்களை வேட்டையாடித் தின்னும் நன்னீர் மீன்) தவிர வேறெதுவும் மாட்டவில்லை, பாவம் பார்த்து எல்லாவற்றையும் விட்டுவிடுகிறேன் என்று எழுதியிருந்தீர்கள். அந்த இரக்கம்தான் நிலைமையை மோசமாக்குகிறது.

பெரும்பாலும் காரணம் கூட்டம். களை மண்டிய ஆழமில்லாத ஓரங்களில் பைக் ஏராளமாக முட்டையிடும். அத்தனை வாய்களும் இரையான பெர்ச் என்ற சிறு மீன்களின் ஒரே கூட்டத்தை மொய்த்தால் எதுவும் வளராது. கோடை வேறு படுத்தும். பெரிய பைக்குக் குளிர்ந்த நீர் வேண்டும். மேல்நீர் சுடும், அடிநீரில் ஆக்சிஜன் இருக்காது, நடுவே ஒரு மெல்லிய அடுக்குதான் மிச்சம்.

எதற்கும் இதைச் செய்து பாருங்கள்:

1. அடுத்த மீனை அறுக்கும்போது இரைப்பையைத் திறங்கள். காலியாகவோ வெறும் பூச்சிகளாகவோ இருந்து, அடுத்தடுத்த மீன்களிலும் அப்படியே தொடர்ந்தால், தீனிப் பஞ்சம்தான்.
2. மாநில இயற்கை வளத் துறையின் 'லேக்ஃபைண்டர்' தளத்தில் ஏரியின் பெயரைத் தேடுங்கள். ஆய்வு நடந்திருந்தால் வலையில் சிக்கியவற்றின் எண்ணிக்கை, நீளம் எல்லாம் இருக்கும்.

ஆனால் அளவில் கவனம். 2018இல் வந்த மாநில விதிப்படி மினசோட்டாவின் வடமத்திய மண்டலத்தில் 10 பைக் வரை வைத்துக்கொள்ளலாம். 22 முதல் 26 அங்குலம் வரை உள்ளதைக் கட்டாயம் விடவேண்டும், 26க்கு மேல் இரண்டுதான். வடகிழக்கு மண்டலத்துக்கு விதி வேறு, உங்கள் ஏரிக்கென்று தனி விதியும் இருக்கலாம். இந்த ஆண்டு மீன்பிடி விதிக் கையேட்டைப் பார்த்துவிட்டுப் போங்கள்.

அப்புறம், பைக் சதைக்குள் இருக்கும் ஒய் வடிவ முள் தொல்லை. நெருக்கமாகக் கீறி, மசாலா தடவி, மொறுமொறுப்பாகப் பொரித்தால் சமாளிக்கலாம்.